மல்டிமீட்டர் வைத்து சினிமா சவுண்ட் பிராசஸரின் ப்ரீஆம்ப்பை அளந்து சரிசெய்வது: முழுமையான வழிகாட்டி

35 எம்எம் படம் ஓடுகிறது. திரையில் ஒருவர் பேசுகிறார். அந்த வசனம் நடு ஸ்பீக்கரில் மட்டும் வராமல் பக்கவாட்டுச் சுவர் ஸ்பீக்கர்களிலும் லேசாகக் கசிகிறது. உடனே சரவுண்ட் ஆம்ப்ளிஃபயர் மீது சந்தேகம் போகும். அப்புறம் டிகோடர் கார்டைக் கழற்றி மாட்டிப் பார்ப்பார்கள். ஆனால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதற்கு வெகுமுன்னால் இருக்கிறது: ஃபிலிமின் ஒலி ட்ராக் வழியே வரும் வெளிச்சத்தை மின்சாரமாக்கும் சோலார் செல்லிலிருந்து வரும் சிக்னலை முதன்முதலில் பெருக்கும் ப்ரீஆம்ப், அதிலுள்ள இடது, வலது ட்ரிம்பாட்கள் (ஸ்க்ரூடிரைவரால் திருகி அளவு வைக்கும் சின்னக் குமிழ்கள்). இரண்டு பக்கமும் சமமாக இல்லையென்றால், அதற்குப் பின்னால் எதைத் திருகினாலும் பலன் இருக்காது.

இந்தச் சமநிலையைக் கொண்டுவர நல்ல மல்டிமீட்டர் ஒன்றே போதும். எந்த மீட்டர், எந்த ஃபிலிம், எந்த வரிசை என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மல்டிமீட்டரால் முடியாத வேலைகளும் உண்டு. அவற்றையும் அங்கங்கே சொல்கிறேன்.

இடதும் வலதும் ஏன் சமமாக இருக்க வேண்டும்

ஃபிலிமின் ஓரத்தில் இருப்பவை இரண்டே ட்ராக்குகள். டால்பி ஸ்டீரியோ முறையில் இடது, நடு, வலது, சரவுண்ட் ஆகிய நான்கு சேனல்களை இந்த இரண்டுக்குள் அடக்கியிருப்பார்கள். பிராசஸரின் மேட்ரிக்ஸ் டிகோடர் அவற்றைத் திரும்பப் பிரிக்கிறது. இரண்டு ட்ராக்கிலும் ஒன்றாக இருப்பதைக் கூட்டினால் நடு சேனல். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் சரவுண்ட். வசனம் இரண்டு ட்ராக்கிலும் ஒரே அளவில் பதிவாகியிருப்பதால், கழித்தால் பூஜ்யம் வர வேண்டும்.

வலது ப்ரீஆம்ப் 1 டெசிபல் குறைவாக நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இடது 1 என்றால் வலது 0.891. கூட்டினால் 1.891, கழித்தால் 0.109. அதாவது கழித்து வரும் சிக்னலில், வசனம் நடு சேனலைவிட 25 டெசிபல் மட்டுமே கீழே இருக்கிறது. வித்தியாசத்தை அரை டெசிபலாகக் குறைத்தால் கசிவு ஏறத்தாழ 31 டெசிபல் கீழே போய்விடும். 2 டெசிபல் ஆக விட்டால் 19 டெசிபலுக்கு வந்துவிடும். மேலோங்கிய சேனலின் பக்கம் ஒலியைத் திருப்ப டிகோடருக்குள் இருக்கும் ஸ்டியரிங் சர்க்யூட் இந்தக் கசிவை ஓரளவு அமுக்கும். ஆனாலும் தவறான சிக்னலை வைத்துத்தான் அதுவும் முடிவெடுக்கிறது. ப்ரீஆம்ப்பில் கால் டெசிபலுக்குக்கூட நான் கவலைப்படுவதற்கு இந்தக் கணக்கே காரணம்.

சமநிலைக்கு அடுத்தது மொத்த அளவு. இரைச்சலைக் குறைக்கும் டால்பி ஏ-டைப், எஸ்ஆர் நாய்ஸ் ரிடக்‌ஷன் இரண்டும் சிக்னலின் அளவைப் பார்த்து வேலை செய்பவை. பதிவில் மெல்லிய ஒலிகளை உயர்த்தி வைத்திருப்பார்கள். டிகோடர் அவற்றை அதே அளவுக்கு இறக்க வேண்டும். ப்ரீஆம்ப் அளவு குறைந்தால் டிகோடர் சாதாரண ஒலியையும் மெல்லிய ஒலி என்று எண்ணிக் கூடுதலாக இறக்கிவிடும். சத்தம் மங்கி, ஏறி இறங்கித் துடிப்பது போலக் கேட்கும். அளவு கூடினால் இறக்க வேண்டியதை இறக்காது; இரைச்சல் மிஞ்சும், ஒலி கூர்மையாகும்.

மீட்டரைத் தேர்ந்தெடுப்பது

ஏசி மில்லிவோல்ட் ரேஞ்ச் உள்ள, பேட்டரியில் ஓடும் டிஜிட்டல் மீட்டர் வேண்டும். பேட்டரி மீட்டர் எர்த்தோடு சேராமல் மிதப்பதால், இரண்டு வயரில் எதிரெதிராகச் சிக்னல் போகும் பேலன்ஸ்டு அவுட்புட்டையும் பயமில்லாமல் அளக்கலாம். ட்ரூ ஆர்எம்எஸ் (எந்த வடிவ அலைக்கும் உண்மையான அளவைக் காட்டும் முறை) இருந்தால் மிக நல்லது. ஒரே அதிர்வெண் மட்டும் உள்ள சைன் டோனுக்கு அது இல்லாத மீட்டரும் சரியாகவே காட்டும். எல்லா அதிர்வெண்ணும் கலந்த சோதனை இரைச்சலான பிங்க் நாய்ஸ் அளந்தால் மட்டும் சராசரி முறை மீட்டர் ஏறத்தாழ 1 டெசிபல் குறைத்துக் காட்டும்.

துல்லியத்தைப் பற்றித்தான் பலரும் கவலைப்படுகிறார்கள். உண்மையில் 1 சதவீதப் பிழை என்பது 0.09 டெசிபல்தான். அதோடு இடதையும் வலதையும் ஒரே மீட்டரில், ஒரே ரேஞ்சில் அளக்கும்போது அந்தப் பிழை இரண்டு பக்கமும் ஒன்றாகவே வரும்; சமநிலையைக் கெடுக்காது. நிஜமான சிக்கல் மீட்டரின் அதிர்வெண் எல்லையில் இருக்கிறது. மின்சார வேலைக்காகச் செய்த பல மீட்டர்கள் 400 ஹெர்ட்ஸ் அல்லது 1 கிலோஹெர்ட்ஸ் வரைதான் ஏசியைச் சரியாக அளக்கும். பிங்க் நாய்ஸில் ஒவ்வொரு ஆக்டேவிலும் (அதிர்வெண் இரட்டிப்பாகும் ஒவ்வொரு இடைவெளியிலும்) ஒரே அளவு சக்தி இருக்கும். 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை ஏறக்குறைய 10 ஆக்டேவ். 1 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும் மீட்டர் அதில் ஐந்தரை ஆக்டேவைத்தான் பார்க்கிறது. அதனால் கிட்டத்தட்ட 2.5 டெசிபல் குறைத்துக் காட்டும். மீட்டர் பழுதில்லாமல் இருந்தும் எண் தவறாக வருவது இப்படித்தான்.

உங்கள் மீட்டர் எப்படி என்று பார்ப்பது சுலபம். லேப்டாப்பின் ஹெட்ஃபோன் அவுட்புட்டிலிருந்து ஒரே அளவில் 100, 400, 1000, 5000, 10000 ஹெர்ட்ஸ் சைன் டோன்களை ஓட்டி ஒவ்வொன்றிலும் மீட்டர் என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் எண் சரியத் தொடங்குகிறதோ, அதற்கு மேலே அந்த மீட்டரை நம்ப வேண்டாம்.

டெசிபல் கணக்குக்கு ஒரே சூத்திரம் போதும்: இரண்டு வோல்டேஜின் விகிதத்துக்கு லாகரிதம் எடுத்து 20-ஆல் பெருக்குவது. விகிதம் 1.012 என்றால் 0.1 டெசிபல், 1.06 என்றால் 0.5, 1.12 என்றால் 1, 1.41 என்றால் 3, 2 என்றால் 6.

மற்ற பொருட்கள்

முதல் தேவை உங்கள் பிராசஸரின் இன்ஸ்டலேஷன் மேனுவல். எந்த டெஸ்ட் பாயிண்டில் எத்தனை மில்லிவோல்ட் வர வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். வேறு மாடலின் எண்ணைக் கேள்விப்பட்டு அதையே இதிலும் வைக்காதீர்கள்.

அடுத்தது டெஸ்ட் ஃபிலிம். அளவு வைக்க டால்பியின் 69டி என்ற டோன் ஃபிலிம். உயர் அதிர்வெண் பார்க்க 69பி என்ற பிங்க் நாய்ஸ் ஃபிலிம். டால்பி டோன் 50 சதவீத மாடுலேஷனில், அதாவது ட்ராக்கில் பதியக்கூடிய அதிகபட்ச அளவில் பாதியில், பதிவானது. எனவே முழு மாடுலேஷன் அதற்கு 6 டெசிபல் மேலே இருக்கும். ஒளிக்கோடு ட்ராக்கின் நடுவில் விழுகிறதா என்ற பக்கவாட்டு இருப்பைப் பார்க்க, ட்ராக்கின் இரு ஓரத்திலும் டோன் பதிவான பஸ் ட்ராக் ஃபிலிமும், இடது மட்டும் அல்லது வலது மட்டும் பதிவான ஃபிலிமும் வேண்டும். கீறலும் தேய்மானமும் உள்ள ஃபிலிமை வைத்து வேலை செய்யாதீர்கள். அதில் உயர் அதிர்வெண்தான் முதலில் போகும், டோனும் ஆடும்.

இவை தவிர பிளாஸ்டிக் முனை ட்ரிம்பாட் ஸ்க்ரூடிரைவர், மெல்லிய கொக்கி முனை மீட்டர் வயர், லென்ஸ் துணி, ஒரு நோட்டுப் புத்தகம்.

கை வைக்கும் முன்

பவர் ஆம்ப்ளிஃபயர்களை நிறுத்திவிடுங்கள். ஸீனான் விளக்கு இந்த வேலைக்குத் தேவையில்லை, அதை எரிக்கவே வேண்டாம். அது பற்றும் நொடியில் இக்னைட்டரிலிருந்து பல கிலோவோல்ட் துடிப்பு கிளம்பும். வயர் மாட்டியபடி இருந்தால் மீட்டருக்கும் ப்ரீஆம்ப்புக்கும் ஆபத்து. மீட்டர் வயர் ஃபிலிம் போகும் பாதையிலோ ஸ்ப்ராக்கெட் பக்கமோ தொங்கக் கூடாது. மோட்டார் ஓடும்போது கையை உள்ளே விடக் கூடாது.

இப்போதைய ட்ரிம்பாட் நிலைகளில் வரும் அளவுகளை எல்லாம் முதலில் எழுதி வையுங்கள். வேலை பாதியில் நின்றுபோனால் பழைய நிலைக்காவது திரும்பலாம்.

பிராசஸரும், ஒலி ட்ராக்கின் மேல் ஒளி பாய்ச்சும் எக்ஸைட்டர் விளக்கும் அரை மணி நேரம் சூடாகட்டும்.

படி 1: மின்சாரம்

மீட்டரை டிசிக்கு மாற்றி, பிராசஸரின் பவர் சப்ளை டெஸ்ட் பாயிண்டுகளை அளந்து பாருங்கள். ப்ளஸ், மைனஸ் இரண்டும் மேனுவலில் சொன்ன எல்லைக்குள் இருக்க வேண்டும். பிறகு அதே இடங்களில் ஏசி மில்லிவோல்ட். சில மில்லிவோல்ட்டுக்கு மேல் வந்தால் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் காய்ந்திருக்கலாம். அதை மாற்றாமல் ப்ரீஆம்ப்பைத் தொடுவது வீண்.

ஃபிலிம் இல்லாமல், எக்ஸைட்டர் அணைந்த நிலையில், ப்ரீஆம்ப் அவுட்புட்டில் டிசி எவ்வளவு என்றும் பாருங்கள். ஒரு சேனலில் மட்டும் பல பத்து மில்லிவோல்ட் நின்றால் அந்தப் பக்க ஐசியோ கப்ளிங் கெப்பாசிட்டரோ தளர்ந்திருக்கலாம்.

எக்ஸைட்டர் விளக்கின் டிசி வோல்டேஜை விளக்கின் சாக்கெட்டிலேயே எடுங்கள். மின்னோட்டத்தை மீட்டர் வழியே விட்டு அளக்க முயல வேண்டாம். பழைய இழை விளக்குகள் பல ஆம்பியர் இழுக்கும். பிறகு அதே இடத்தில் ஏசி. அங்கே ரிப்பிள், அதாவது டிசியில் மிஞ்சிய ஏசி அலை, இருந்தால் அது வெளிச்சத்தோடு கலந்து, மின்சார அதிர்வெண்ணின் இரட்டிப்பில், அதாவது 100 அல்லது 120 ஹெர்ட்ஸில் ஹம் ஆகக் கேட்கும். மீட்டரில் ஹெர்ட்ஸ் பட்டன் இருந்தால் அழுத்திப் பாருங்கள், ஹம் எங்கிருந்து வருகிறது என்று எண்ணே சொல்லிவிடும்.

கண்ணாடி கறுத்த விளக்கை வைத்து அளவு வைக்காதீர்கள். மாற்றிவிட்டுத் தொடங்குங்கள். வெள்ளை விளக்கிலிருந்து சிவப்பு எல்இடி ரீடருக்கு மாறியிருந்தால் பழைய ட்ரிம் நிலை எதுவும் செல்லாது. சயான் சாய ட்ராக் உள்ள பிரிண்டுகளுக்குச் சிவப்பு வெளிச்சம்தான் வேண்டும் என்பதால் இந்த மாற்றம் பல இடங்களில் நடந்திருக்கிறது. மாற்றியவர்கள் ப்ரீஆம்ப்பைத் திரும்ப அளந்தார்களா என்று ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

படி 2: ஒளியும் கோணமும்

லென்ஸ், செல், சவுண்ட் டிரம் ஆகியவற்றைத் துடையுங்கள். எண்ணெய்ப் படலம் ஒன்றே பல டெசிபலைத் தின்றுவிடும்.

பஸ் ட்ராக் ஃபிலிமை ஓட்டுங்கள். ஸ்லிட் (ஒளியை மெல்லிய கோடாக்கும் பிளவு) ஒரு பக்கம் நகர்ந்திருந்தால் 300 ஹெர்ட்ஸும், மறுபக்கம் நகர்ந்திருந்தால் 1000 ஹெர்ட்ஸும் கேட்கும். இரண்டும் கேட்காத, அல்லது இரண்டும் சமமாக மங்கிய இடம்தான் சரியான இடம். இதை மானிட்டர் ஸ்பீக்கரில் காதால் கேட்டே செய்யலாம்.

ஃபோகஸும் அஸிமத்தும் (ஃபிலிம் ஓடும் திசைக்கு ஸ்லிட் செங்குத்தாக நிற்கும் கோணம்) மல்டிமீட்டரால் ஆகாது. அஸிமத்துக்கு ஆசிலோஸ்கோப்பை எக்ஸ்-ஒய் முறையில் வைத்து இடது வலது இரண்டையும் கொடுக்க வேண்டும். சாய்ந்த நேர்கோடு கிடைத்தால் கோணம் சரி, வட்டமாக விரிந்தால் தவறு. ஸ்கோப் இல்லையென்றால் இந்த இரண்டு திருகுகளையும் தொடாமல் விடுங்கள்.

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். பக்கவாட்டு இருப்பு தவறினால் ஒரு ட்ராக்கின் சிக்னல் அடுத்த செல்லில் விழும். அப்போது நீங்கள் ட்ரிம் செய்வது கலந்த சிக்னலைத்தான்.

படி 3: அளவு வைப்பது

பிராசஸரில் எந்தப் ப்ரொஜெக்டரோ அதைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு ப்ரொஜெக்டர் உள்ள கேபினில் ஒவ்வொன்றுக்கும் தனி ட்ரிம்பாட் இருக்கும். ஒன்றில் வைத்தது மற்றொன்றுக்கு உதவாது. மீட்டரின் கறுப்பு வயரை ஆடியோ கிரவுண்ட் டெஸ்ட் பாயிண்டில் மாட்டுங்கள்; பெட்டியின் ஏதோ ஒரு திருகில் மாட்டினால் கிரவுண்ட் இரைச்சலும் சேர்ந்து வரும். சிவப்பு வயர் இடது ப்ரீஆம்ப் டெஸ்ட் பாயிண்டுக்கு. இந்த இடம் அரங்க ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடருக்கு முன்னால், நாய்ஸ் ரிடக்‌ஷனுக்கும் முன்னால் இருப்பதை மேனுவல் படத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

எக்ஸைட்டரும் செல்லும் இருக்கும் சவுண்ட் ஹெட்டின் கதவை மூடுங்கள். அறை விளக்கின் வெளிச்சம் செல்லில் பட்டால் அதுவும் ஹம் ஆக மாறும்.

டோன் ஃபிலிமை ஓட்டி, வேகம் நிலைக்கும் வரை காத்திருங்கள். முதலில் ஹெர்ட்ஸ். ஃபிலிம் டப்பாவில் எழுதியிருக்கும் அதிர்வெண் வருகிறதா? வராவிட்டால் ப்ரொஜெக்டர் வேகத்தில் கோளாறு இருக்கிறது. அந்த அதிர்வெண் உங்கள் மீட்டரின் நம்பகமான எல்லைக்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இப்போது ஏசி மில்லிவோல்ட். கடைசி இலக்கம் ஆடிக்கொண்டே இருக்கும். சராசரி காட்டும் வசதி இருந்தால் அதைப் போடுங்கள், இல்லையென்றால் பத்துப் பதினைந்து நொடி பார்த்து நடு எண்ணை எடுங்கள். ட்ரிம்பாட்டை மெல்லத் திருகி மேனுவல் சொன்ன அளவுக்கு வாருங்கள். எப்போதும் கீழிருந்து மேலே ஏறி வந்து நிறுத்துங்கள். தாண்டிப் போனால் நன்றாகக் கீழே இறங்கி மறுபடி ஏறுங்கள். ட்ரிம்பாட்டின் தளர்வு இதனால் ஒரே பக்கமாக அமையும். ஸ்க்ரூடிரைவரை எடுத்தபின் எண் மாறுகிறதா என்றும் பாருங்கள். மாறினால் அந்த ட்ரிம்பாட்டை மாற்றும் காலம் வந்துவிட்டது.

வலது பக்கத்தையும் இதேபோல வையுங்கள். பிறகு மறுபடி இடதுக்கு வாருங்கள், ஏனென்றால் இடையில் விளக்கோ ஃபிலிமோ கொஞ்சம் மாறியிருக்கலாம். உதாரணத்துக்கு, உங்கள் மேனுவல் 300 மில்லிவோல்ட் கேட்கிறது என்றால், 0.1 டெசிபல் என்பது மூன்றரை மில்லிவோல்ட், அரை டெசிபல் என்பது கிட்டத்தட்ட 18 மில்லிவோல்ட். இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை 0.1 டெசிபலுக்குள் கொண்டுவரப் பாருங்கள். மொத்த அளவு அதைவிடக் கொஞ்சம் விலகியிருந்தால் பரவாயில்லை.

மீட்டர் வயரில் கொஞ்சம் ஹம் ஏறினால் இந்தப் படிக்கு அது பெரிய தடையில்லை. 300 மில்லிவோல்ட் டோனோடு 30 மில்லிவோல்ட் ஹம் சேர்ந்தாலும் ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டர் 301.5தான் காட்டும், ஏனென்றால் அவை வர்க்கங்களாகக் கூடுகின்றன. அடுத்த படியில்தான் ஹம் தொல்லை தரும்.

படி 4: கசிவு

இடது மட்டும் பதிவான ஃபிலிமை ஓட்டி இரண்டு பக்கமும் அளந்து கொள்ளுங்கள். இடதில் 300, வலதில் 3 வந்தால் கசிவு 40 டெசிபல் கீழே. வலதில் 30 வந்தால் 20 டெசிபல் மட்டுமே. அப்போது படி 2-க்குத் திரும்பி, பிறகு படி 3-ஐ மீண்டும் செய்ய வேண்டும். வலதில் வரும் எண் உண்மையான கசிவா, ஹம்மா என்று அறிய ஃபிலிமை நிறுத்திவிட்டு ஒருமுறை அளந்து பாருங்கள். எண் அப்படியே நின்றால் அது ஹம்.

விளக்கும் செல்லும் பக்கம் மாறியிருக்கும் ரிவர்ஸ் ஸ்கேன் ரீடர் மாட்டிய ப்ரொஜெக்டரில் இடதும் வலதும் மாறியிருக்க வாய்ப்புண்டு. இந்த ஃபிலிம் அதையும் காட்டிவிடும்.

படி 5: ஸ்லிட் இழப்பு

35 எம்எம் ஃபிலிம் நொடிக்கு 456 மில்லிமீட்டர் ஓடுகிறது. அதில் 16 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு முழு அலை வெறும் 28.5 மைக்ரான். ஸ்லிட் 12.7 மைக்ரான் அகலம் என்றால், அந்த அகலத்தாலேயே 16 கிலோஹெர்ட்ஸில் 3 டெசிபலும் 10 கிலோஹெர்ட்ஸில் 1 டெசிபலுக்குச் சற்று மேலும் போய்விடும். ஃபோகஸ் பிழை இதற்கு மேல். இதை ஈடுகட்டவே ப்ரீஆம்ப்பில் உயர் அதிர்வெண் ட்ரிம்பாட் இருக்கிறது.

இதற்குப் பிங்க் நாய்ஸ் ஃபிலிமும் ஒவ்வொரு அதிர்வெண் பட்டையின் அளவையும் தனித்தனியே காட்டும் ரியல் டைம் அனலைசரும் வேண்டும். மல்டிமீட்டர் எல்லா அதிர்வெண்ணையும் ஒரே எண்ணாகச் சுருக்கிவிடுவதால் வளைவின் வடிவம் தெரியாது. அனலைசர் கிடைத்து இதைச் சரிசெய்த பிறகு, படி 3-ஐ ஒருமுறை திரும்பப் பாருங்கள். அளவு இம்மியளவு நகர்ந்திருக்கலாம்.

படி 6: அரங்கத்துக்குள்

ரீடரிலிருந்து ஃபேடருக்கு முன்வரை ஏ-செயின், ஃபேடரிலிருந்து அரங்கம் வரை பி-செயின். ஏ-செயின் முடிந்த பிறகே பி-செயினைத் தொட வேண்டும். பிராசஸரின் சொந்த பிங்க் நாய்ஸை ஒவ்வொரு திரை சேனலுக்கும் அனுப்பி, ஃபேடர் 7-ல், அரங்கின் முன்னாலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில், ஒலி அளவு மீட்டரின் சி வெயிட்டிங் அமைப்பில் 85 டெசிபல் வைப்பது வழக்கம். இடது, வலது எனப் பிரிந்த சரவுண்ட் என்றால் ஒவ்வொன்றுக்கும் 82. இதற்கு ஒலி அளவு மீட்டர் தேவை.

அது முடிந்ததும் மல்டிமீட்டருக்கு மிகப் பயனுள்ள ஒரு வேலை உண்டு. அதே பிங்க் நாய்ஸ் ஓடும்போது, ஒவ்வொரு பவர் ஆம்ப்ளிஃபயரின் இன்புட்டிலும் அவுட்புட்டிலும் வரும் ஏசி வோல்டேஜை அளந்து எழுதிவிடுங்கள். பேலன்ஸ்டு இன்புட்டில் 2, 3 பின்களுக்கு இடையே அளக்க வேண்டும். ஒரு பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே அளந்தால் பல பிராசஸர்களில் பாதிதான் வரும், 6 டெசிபல் குறைவாகத் தெரியும். பிங்க் நாய்ஸில் உங்கள் மீட்டர் குறைத்துக் காட்டினாலும் இங்கே பாதகமில்லை. அடுத்த முறையும் அதே மீட்டர் அதே அளவுதான் குறைத்துக் காட்டும். அதனால் எந்த மீட்டரில் அளந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

நோட்டில் ஒரு பக்கத்தில் தேதி, ப்ரொஜெக்டர், எக்ஸைட்டர் வோல்டேஜ், இடது வலது டோன் அளவு, கசிவு, பவர் சப்ளை, ஆம்ப்ளிஃபயர் அளவுகள் இருந்தால் போதும். அடுத்த முறை சத்தம் சரியில்லை என்று யாராவது சொன்னால் ட்ரிம்பாட்டைத் திருகாமல் முதலில் இந்தப் பட்டியலை மறுபடி அளந்து பாருங்கள். இடது வலது இரண்டும் ஒரே விகிதத்தில் குறைந்திருந்தால் விளக்கையும் லென்ஸையும் பாருங்கள். ஒன்று மட்டும் குறைந்திருந்தால் செல் வயரையும் அந்தச் சேனலின் ட்ரிம்பாட்டையும் பாருங்கள். டோன் அளவு மாறாமல் ஆம்ப்ளிஃபயர் இன்புட் மட்டும் மாறியிருந்தால் கோளாறு பி-செயினில் இருக்கிறது. ப்ரீஆம்ப் கார்டின் மூடியைத் திறக்கவே தேவையில்லை.